பதினோரு நாள் பல்செட்டு

கும்பகோணத்தில் வாத்தியார் வீட்டு பீரோவில், பத்திரமும் பாஸ்புக்கும் இருக்கும் தட்டுக்குக் கீழ்த்தட்டில், நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே பஞ்சில் பொதிந்த ஒரு பல்செட்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் புதுக்கருக்கு அழியாமல் அப்படியே இருக்கின்றன. 2017-இல் 4,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. வாத்தியார் அதைப் போட்டிருந்தது மொத்தம் பதினோரு நாள்.

"நாளுக்கு நானூத்தி ஒம்பது ரூபா. அந்தக் காசுக்கு மகாமகக் குளத்துப் பக்கம் லாட்ஜுல ரூமே போட்டிருக்கலாம்" என்று அவர் கணக்குச் சொன்னதை மகள் மறக்கவில்லை. தமிழ் வாத்தியார்தான், ஆனால் பென்ஷன் வாங்கத் தொடங்கிய 2004 முதல் கணக்கு வாத்தியார்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டார்.

பல் போன கதை ஒன்றும் புதிதில்லை. கும்பகோணத்து வெற்றிலை, நெய்ச்சீவல், அதோடு நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்துகொண்ட புகையிலை. ஐம்பத்தைந்தில் சர்க்கரை. பல் சொத்தையாகிப் போகவில்லை, ஈறுதான் விட்டுக்கொடுத்தது. நல்ல வெள்ளைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, வலிக்காமல் கொள்ளாமல், இட்லி தின்னும்போதே கையோடு வந்த நாட்கள் உண்டு. 2017 ஆனி மாதத்தில் மிச்சமிருந்த ஐந்தையும் இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தரம் அந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எந்தப் பழமொழி என்று எழுத வேண்டியதில்லை.

ஆவணியில் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். வாழ்த்துரை வாத்தியார்தான். பொக்கை வாயோடு மேடையேற முடியாது என்பது வீட்டாரின் ஏகமனதான தீர்மானம். ஆகவே பல் பிடுங்கிய பன்னிரண்டாம் நாளே பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். ஒரு தடவை மாவு வைத்து அளவு எடுத்தார்கள். அடுத்த தடவை செட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டே வருகை, 4,500 ரூபாய். வேகமாக முடிந்ததே என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்த வேகம்தான் வினை. பல் எடுத்த இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த வேலை போனதும் தாடை கரையத் தொடங்குகிறது, முதல் சில மாதங்களில் மிக வேகமாக. பன்னிரண்டாம் நாள் வீங்கியிருந்த ஈறுக்கு எடுத்த அளவு, முப்பதாம் நாள் வற்றிய ஈறுக்கு எப்படிப் பொருந்தும்? அவசரத்துக்குச் செட்டு கட்டுவதே தப்பு என்றில்லை. கட்டினால் சில மாதத்தில் உள்பக்கம் புதிதாகப் பூச்சு கொடுத்து இறுக்கவேண்டும், அல்லது வேறு செய்யவேண்டும். இதை அந்த கிளினிக்கில் சொல்லவில்லையா, சொன்னது கல்யாண வேலையில் காதில் விழவில்லையா என்பதில் வாத்தியாருக்கும் வீட்டம்மாவுக்கும் இன்றுவரை வழக்கு நடக்கிறது.

கல்யாண மண்டபத்தில் நடந்தது இதுதான். வாத்தியார் மைக்கைப் பிடித்தார். இரண்டு நிமிடம் நன்றாகவே போயிற்று. மணமக்களை வாழ்த்த வாயெடுத்து 'வா' என்று இழுத்தபோது மேல்செட்டு நழுவி நாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டது. சபைக்குத் தெரிந்திருக்காது. முன்வரிசையில் இருந்த மகளுக்குத் தெரிந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண் கலங்கியவர்போல ஒரு கணம் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்கினார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொண்டார்கள். பந்தியில் பாயசம் மட்டும் குடித்தார்.

எட்டு நாள் கழித்து செட்டு டப்பாவுக்குள் போனது.

அடுத்த ஐந்து மாதம் வாத்தியார் குழைந்த சாதமும் இடியாப்பமுமாக ஓட்டினார். யாராவது வந்தால் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னாலிருந்து பேசுவார். முன்னாள் மாணவர்கள் போன் செய்தால், "நீயே பேசிடு" என்று வீட்டம்மாவிடம் நீட்டிவிடுவார். முப்பத்தைந்து வருஷம் கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரலில் பாடம் நடத்தியவர்.

2018 தைக்குப் பிறகு மகள் விசாரணையில் இறங்கினாள். எல்.ஐ.சி. டைரியின் பின்பக்கத்தில் அவள் எழுதிவைத்த பட்டியல் இன்னும் இருக்கிறது. ஒரு கிளினிக்கில் மேலும் கீழும் சேர்த்து 12,000. இறக்குமதிப் பல் என்றால் 18,000. கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாத தட்டு வேண்டுமென்றால் 25,000. தஞ்சாவூரில் இன்னொரு இடத்தில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் திருகி அதன்மேல் சட்டைப் பொத்தான்போலச் செட்டை மாட்டிக்கொள்வது 90,000. கழற்றவே வேண்டாத ஃபிக்ஸட் பல் இரண்டு தாடைக்கும் என்றால், அந்த எண்ணை எழுத ஆரம்பித்து அவள் பாதியில் நிறுத்தியிருக்கிறாள்.

ஒரே வாய். நாலாயிரத்து ஐநூறிலிருந்து பல லட்சம்வரை விலை. புடவைக் கடையில்கூட இப்படி ஒரு விரிவு கிடையாது. அங்கேயாவது கையால் தடவிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். இன்ஷூரன்ஸில் கேட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிற காரியத்துக்குத்தான் கிடைக்கும், பல்செட்டுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தஞ்சாவூரில் அந்த 90,000 ரூபாய்த் திட்டத்தைச் சொன்ன டாக்டரம்மாதான் விலையை உரித்துக் காட்டினார். விற்பதில் அவருக்கு அவசரமில்லை. "சார், இந்தப் பிங்க் தட்டு அக்ரிலிக். பவுடரும் திரவமும் கலந்து பிசையறது. பன்னெண்டாயிரம் செட்டுக்கும் இருபத்தஞ்சாயிரம் செட்டுக்கும் அடிப்படையில ஒரே குடும்பம்தான். பல்லு, நம்ம ஊர்ல செய்யறது சில நூறு ரூபா, வெளிநாட்டுப் பல்லு சில ஆயிரம். சீக்கிரம் தேயாது, பார்க்க இன்னும் கொஞ்சம் இயற்கையா இருக்கும். அதுக்கு மேல லேப் கூலி. மீதியெல்லாம் இந்த நாற்காலியில நீங்க உக்கார்ற நேரம்."

இம்ப்ளான்ட்டைப் பற்றியும் அவர் மழுப்பவில்லை. கீழ்ச்செட்டு நிற்காமல் ஓடுவது எல்லார் வாயிலும் உள்ள தொல்லை. மேல்செட்டு அண்ணம் முழுவதையும் மூடி, நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள்போல ஒட்டிக்கொள்ளும். சராசரியாக அதற்குக் கிடைக்கும் பரப்பு சுமார் 23 சதுர சென்டிமீட்டர். கீழே குதிரை லாடம்போல ஒரு வரப்பு மட்டும், சுமார் 12 சதுர சென்டிமீட்டர். நடுவில் நாக்கு வேறு நாள் முழுக்க அதை முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். போதாததற்கு, காலப்போக்கில் கீழ்த்தாடை மேல்தாடையைப்போல நாலு மடங்கு கரைகிறது என்று 1972-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள், இருபத்தைந்து வருஷம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவிட்டு. முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுப்பதைத் தற்செயலாகக் கண்டார் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரானெமார்க். 1965-இல் முதல் மனிதரின் தாடையில் திருகினார். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் போட்டு மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. வாத்தியாரின் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9-க்கு மேல் இருந்தது, அவ்வளவுதான்.

"சர்க்கரை இப்படி இருக்கறப்ப நான் தொடமாட்டேன். சாதா செட்டே போதும், ஆனா நிதானமா செய்யணும். எங்கிட்ட ஒரு பேஷன்ட்டுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. சிதம்பரத்துல பிள்ளைங்க அரை நாள் உக்காருவாங்க. உங்களுக்கு ரயில்ல போய்வர முடியும்னா அங்க போங்க."

தன் கடைக்கு வந்த ஆளை வேறு இடத்துக்கு அனுப்பிய அந்த டாக்டர், கலந்தாலோசனைக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். வாத்தியாரின் கணக்குப்படி, பல் விஷயத்தில் அவர் செலவழித்த மிக நல்ல இருநூறு ரூபாய் அதுதான்.

சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980 முதல் நடக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு 2018 மாசியில் தொடங்கி மொத்தம் ஒன்பது தடவை போனார்கள். காலையில் பாசஞ்சர் ரயில். ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, கொள்ளிடம். பல் இல்லாத அப்பாவோடு இத்தனை மணி நேரம் தனியாக உட்கார்ந்து மகள் எப்போதும் பேசியதில்லை. ரயில் சத்தத்தில் உச்சரிப்பு யாருக்குக் கேட்கும் என்ற தைரியத்தில் அவரும் பேசினார்.

அவருடைய அப்பாவுக்கு, அதாவது மகளுக்குத் தாத்தாவுக்கு, பட்டணத்தில் ஒரு சீனாக்காரர் பல் கட்டினாராம். சீனாவின் ஹுபே மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய பல் வைத்தியக் குடும்பங்கள் சென்னையில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தியவை. தாத்தாவின் செட்டில் பல் வெள்ளை, தட்டு மட்டும் செங்கல் நிறம். "ரப்பர்னு சொல்வார். வெயில்ல வச்சா ஒரு வாசனை வரும்." வல்கனைட் எனப்படும் கெட்டி ரப்பர்தான் அது. 1930-களின் கடைசியில் அக்ரிலிக் வந்தபிறகுதான் செயற்கை ஈறுக்கு ஈறின் நிறம் சரியாக வாய்த்தது.

மகள் அந்த ரப்பரைத் தேடிப் படித்துவிட்டு அடுத்த பயணத்தில் அவருக்குக் கதை சொன்னாள். குட்இயர் கண்டுபிடித்த ரப்பர் வந்துதான் அமெரிக்காவில் தங்கத் தகட்டிலும் தந்தத்திலும் பல் கட்டிக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கும் பல்செட்டு எட்டியது. உடனே ஒரு கம்பெனி காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ரப்பர் தட்டு செய்யும் ஒவ்வொரு பல் வைத்தியரும் லைசென்ஸ் கட்டணம் கட்டவேண்டும் என்றது. கட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய்ப் பிடித்தார். 1879-இல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் வைத்தியர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் காப்புரிமையும் காலாவதியானது.

"பல்லுக்காகக் கொலையா?" என்றார் வாத்தியார். சற்று நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், "ராஜினாமாகூட உண்டு, தெரியுமா?" என்றார். அது அவர் படித்துவைத்திருந்த கதை. பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய மருத்துவ சேவை தொடங்கியபோது பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் இலவசம். அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனூரின் பெவன். 1951 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் செலவைக் குறைக்க, இவை இரண்டுக்கும் பாதி விலையை நோயாளியே கொடுக்கவேண்டும் என்றார். பெவன் பதவியை உதறினார். கூடவே விலகினவர்களில் ஒருவர், பின்னாளில் பிரதமரான ஹரால்ட் வில்சன். "கொரியா யுத்தத்துக்குப் பீரங்கி வாங்கணும், அதுக்குக் கிழவன் வாயில இருக்கற பல்லுல கை வச்சாங்க" என்று முடித்தார். இந்த வாக்கியத்தில் நாலு இடத்தில் காற்று வெளியேறியது. மகள் கவனிக்காததுபோல இருந்துவிட்டாள்.

கல்லூரியில் அவர் வந்து சேர்ந்தது மேற்படிப்பு மாணவி ஒருத்தியிடம். பாலக்காட்டுப் பெண். முதல் நாள் "தாத்தா" என்றாள். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் தமிழாசிரியர் என்று எழுதியபிறகு "சார்" ஆனார். சர்க்கரை பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். பல் எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டாள். "ஏழு" என்றதும் திருப்தியோடு குறித்துக்கொண்டாள். அவள் ஊரில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள அறுபது வயதுக்காரர்களுக்கு அரசே பல்செட்டுக்குப் பணம் தருகிறது, திட்டத்துக்குப் பெயர் மந்தஹாசம் என்றாள். கர்நாடகத்தில் தந்த பாக்யா. "பேர் வைக்கிறதுல மலையாளிங்கதான்யா" என்றார் வாத்தியார். மந்தஹாசம் என்றால் புன்முறுவல்.

இரண்டாவது வருகையை மகள் விரிவாக நினைவில் வைத்திருக்கிறாள், பதினோரு நாள் செட்டில் எது இல்லாமல் போனது என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. வாத்தியாரின் தாடைக்கென்றே செய்த ஒரு ட்ரே. அதன் ஓரத்தில் ஒட்ட ஒரு பச்சை நிறக் குச்சி, அரக்குபோல. பெண் அதை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, ட்ரேயின் விளிம்பில் ஒரு அங்குல நீளத்துக்கு மட்டும் வைத்து, வெந்நீரில் முக்கி, வாயில் பொருத்தி, "உதட்டைக் குவிங்க சார்... கன்னத்தை உறிஞ்சுங்க... இப்ப வாயைப் பெரிசாத் திறங்க" என்பாள். வெளியே எடுப்பாள். உதடும் கன்னமும் அசையும்போது எதுவரை இடம் விடுகின்றனவோ அதுவரை பச்சை விளிம்பு மழுங்கியிருக்கும். அடுத்த அங்குலம். மறுபடி விளக்கு, வெந்நீர், வாய். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. கீழே நாக்கை நீட்டச் சொன்னாள், வலப்பக்கம் துழாவச் சொன்னாள், இடப்பக்கம் துழாவச் சொன்னாள். இரண்டரை மணி நேரம்.

பேராசிரியர் வந்து ட்ரேயை வாயில் அழுத்தி ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். மேலே உள்ளது வரவில்லை. சத்தம் கேட்டது, குக்கர் மூடியின் ரப்பர் விடுபடும்போது வருமே, அதுபோல. தலையாட்டினார். கீழே உள்ளதை இழுத்தார், சுலபமாக வந்தது. "ரிப்பீட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்தது. வாத்தியார் அவளைப் பார்த்து, "பரவால்லம்மா, நானும் பிள்ளைங்களை இம்போசிஷன் எழுதவிட்டவன்தான்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பச்சைக் குச்சி. கடைசியாக ட்ரேயில் ஒரு பசையைத் தடவி வைத்தபோது அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. அன்று ரயில் ஏறும்வரை வாத்தியார் வாயில் அந்த மணம் இருந்தது. வெற்றிலை போட்டதுபோல இருக்கிறது என்றார், நெடுநாள் கழித்துச் சிரித்து.

இந்த ஒரு காரியத்துக்குத் தனியாரில் என்ன விலை வைப்பது? பொருள் என்று பார்த்தால் ஒரு குச்சியும் கொஞ்சம் பசையும். 4,500 ரூபாயில் இதற்கு இடமில்லை. 25,000 ரூபாயில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது தடவை மெழுகு வரப்புகளை வாயில் வைத்து, மூக்கு நுனியிலும் மோவாயிலும் பேனாவால் புள்ளி குத்தி, ஸ்கேலால் அளந்தாள். உதடு சும்மா மூடியிருக்கும்போது ஒரு அளவு, கடித்திருக்கும்போது ஒரு அளவு. இரண்டுக்கும் நடுவே இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேசும்போது பல் ஒன்றோடொன்று மோதிக் 'கடக் கடக்' என்னும். பதினோரு நாள் செட்டு அப்படித்தான் தாளம் போட்டது.

நாலாவது தடவை வீட்டம்மாவும் வந்தார். நிறம் பார்க்கும் நாள். விசிறிபோல விரியும் அட்டையில் பதினாறு மாதிரிப் பற்கள். வாத்தியாரின் விரல் நேராக ஆக வெளுத்ததில் போய் நின்றது. "இங்க பாருங்க, எழுபத்தி ரெண்டு வயசுல சினிமாக்காரன் பல்லு எதுக்கு?" என்று வீட்டம்மா விரலைப் பிடித்து நாலைந்து பல் தள்ளி, லேசாக மஞ்சள் ஓடிய ஒன்றின்மேல் வைத்தார். "ஏ-3" என்று குறித்துக்கொண்டாள் பெண். பிறகு கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார் வீட்டம்மா. சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த 1974-ஆம் வருஷத்துக் கல்யாணப் போட்டோ. "இவருக்கு இந்த முன்பல்லு பக்கத்துப் பல்லுமேல கொஞ்சம் ஏறி நிக்கும். சிரிச்சாத்தான் தெரியும்."

யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் கொண்டுவந்தார். அந்தப் பெண் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மெழுகில் வரிசையாக நிறுத்தியிருந்த பற்களில் ஒன்றைச் சூடான கத்தியால் இளக்கி, அரைக்கால் சுற்று திருப்பி, பக்கத்துப் பல்லின்மேல் இம்மியளவு ஏற்றினாள். வீட்டம்மா பக்கம் திரும்பினாள். "இன்னும் துளி" என்றார் அவர். திருப்பினாள். "ம்."

இதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது.

வாத்தியார் மெழுகுச் செட்டை வாயில் போட்டுக்கொண்டு பற்களை எண்ணினார். மேலே பதினாலு, கீழே பதினாலு. "முப்பத்திரண்டு இருக்கணுமே? நாலு பல்லு எங்க?" ஞானப்பல்லுக்கு இடமில்லை, முழுச்செட்டு என்றாலே இருபத்தெட்டுதான் என்று விளக்கினாள். "ஞானம் தனி சார்ஜா" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மெழுகுப் பல் ஒன்று விழுந்தது.

உச்சரிப்புப் பரிசோதனையில்தான் அவர் உண்மையில் வாத்தியார் ஆனார். "ஃபிஃப்டி ஃபைவ் சொல்லுங்க சார், சிக்ஸ்டி சிக்ஸ் சொல்லுங்க" என்றாள், பாடத்தில் உள்ளபடி. மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டில் எங்கே படுகிறது என்று பார்க்கத்தான் அந்த ஃப. வாத்தியார் சொன்னார்: "அதுக்கு எதும்மா இங்கிலீஷ்? வ சொன்னாப் போதும். பல்லும் உதடும் சேர்ந்தா வகரம் பிறக்கும்னு தொல்காப்பியர் பிறப்பியல்லயே சொல்லிட்டாரு." வவ்வால், வாழை, வெல்லம், வேப்பம்பூ என்று அடுக்கினார். பெண் குனிந்து உதட்டையே பார்த்தாள். பல் நீளம் அதிகம். ஒரு மில்லிமீட்டர் குறைத்தாள். மறுபடி வவ்வால். இப்போது சரி. தகரம், நகரம் பார்த்தார்கள். நாக்கு நுனி மேல்பல்லின் அடியில் போய்ப் படவேண்டிய எழுத்துக்கள்.

"ழ-வுக்குக் கவலை இல்லை. அதுக்குப் பல்லே வேண்டாம். நாக்கு அண்ணத்தைத் தடவினாப் போதும்" என்றார் வாத்தியார், பாடத்தை முடிக்கும் தோரணையில்.

"சார், அண்ணத்தைத்தானே நாங்க மூடப்போறோம்" என்றாள் பாலக்காட்டுப் பெண்.

வாத்தியார் வாயடைத்துப் போன மிகச் சில சந்தர்ப்பங்களில் ஒன்று அது. அவள் தொடர்ந்தாள். அண்ணத்தை மூடும் தட்டு தடித்துவிட்டால் நாக்கு நினைத்த இடத்துக்கு முன்னாலேயே முட்டிக்கொள்ளும். ழ, ர இரண்டும் கெடும். ரொம்ப மெலிந்தால் உடையும். இரண்டு மில்லிமீட்டருக்குள் வைக்கிறேன் என்றாள். "எங்களுக்கும் ழ உண்டு சார்."

அன்று பரிசோதனைக்கூடத்தையும் காட்டினாள். மெழுகுச் செட்டைப் பித்தளைக் குடுவையில் வைத்து மாவுக்கல்லால் மூடுகிறார்கள். இறுகியதும் கொதிநீர் ஊற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். உள்ளே மெழுகு இருந்த இடம் வெற்றாக நிற்க, பற்கள் மட்டும் கல்லில் பதிந்திருக்கின்றன. அந்த வெற்றிடத்தில் அக்ரிலிக் மாவை அடைத்து, இறுக்கிப் பூட்டி, தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். "அட, நம்ம சுவாமிமலை!" என்றார் வாத்தியார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஸ்தபதிகள் மெழுகில் நடராஜரைச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கிவிட்டு உலோகம் வார்க்கிறார்களே, அதே வேலை. கல்லூரியில் எல்லா ரசீதையும் கூட்டினாலும் அந்த முதல் செட்டின் விலையை எட்டவில்லை. ஒன்பது நாள் ரயிலும் மகள் போட்ட லீவும் அவர் கணக்கு நோட்டில் தனிப் பக்கம்.

புதுச் செட்டு வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைத்தால் தப்பு. முதல் வாரம் வாய் முழுக்க எச்சில். மூளை அதைத் தின்பண்டம் என்று நினைத்துக்கொள்கிறதாம். கீழே இரண்டு இடத்தில் புண். எட்டாவது வருகையில் புண் பட்ட இடத்துக்கு நேரே செட்டைத் தேய்த்துக் கொடுத்தாள், ஒன்பதாவதில் இன்னொரு இடம். முன்பல்லால் கடிக்கக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் மெல்லாமல் இரண்டு கடைவாயிலும் சமமாக வைத்து மெல்லவேண்டும். சொந்தப் பல் கொடுத்த கடி பலத்தில் மூன்றில் ஒன்றோ நாலில் ஒன்றோதான் முழுச்செட்டில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். முறுக்கை மறந்துவிடுங்கள் என்பதை நாசூக்காகச் சொல்லும் முறை அது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடவேண்டும், வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். டூத்பேஸ்ட் கீறும், சோப்புத் தண்ணீர் போதும். கழுவும்போது வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால், கை நழுவினாலும் உடையாது. தினம் அரை மணி சத்தம்போட்டு ஏதாவது படிக்கச் சொன்னாள்.

படித்தார். காலையில் திண்ணையில் உட்கார்ந்து தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை உரக்கப் படிப்பார். வீட்டு விற்பனை, வரன் தேவை, காணவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். மூன்றாவது வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், "சார் பேச்சு பழையபடி ஆயிடுச்சே" என்றபோது, "காணவில்லைல வ ஒண்ணுதான். வீடு விற்பனைல ரெண்டு. அதான் அதைப் படிக்கிறேன்" என்றார்.

2024-இல் கீழ்ச்செட்டு மறுபடி ஆட ஆரம்பித்தது. ஆறு வருஷம், எலும்பு கரைவதை யாரும் நிறுத்த முடியாது. உள்பக்கம் புதுப் பூச்சு கொடுக்க உள்ளூரிலேயே ஒரு லேபில் ஒரு நாள் விட்டுவைக்கவேண்டியிருந்தது, மேலும் கீழும் சேர்த்து. பாலக்காட்டுப் பெண் படிப்பு முடித்து எப்போதோ ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு நாளில்தான் பழைய மாணவர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். வாத்தியார் பேப்பரைத் தேடினார், கிடைக்கவில்லை. வீட்டம்மா பீரோவைத் திறந்து, நீல மூடி டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "பத்து நிமிஷம்தானே, இதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பேசுங்க."

வாத்தியார் மூடியைத் திறந்தார். இருபத்தெட்டும் தூய வெள்ளை. பார்த்துவிட்டு மூடினார்.

"அவனை நாளைக்கு வரச் சொல்லு."